சாயக்கழிவுக்கு எந்தப் பாலிமர், உலோகக் கழிவுக்கு எந்தப் பாலிமர்?

கழிவுநீரிலிருந்து சாயத்தையோ உலோகத்தையோ பிடித்தெடுக்கும் பாலிமர் உறிஞ்சியை விற்க வருகிறவர் முதலில் நீட்டுவது ஓர் எண்ணைத்தான்: ஒரு கிராம் சரக்கு இத்தனை மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும். எண் பெரிதாக இருந்தால் சரக்கும் உசத்தி என்று தோன்றிவிடும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானின் மணிகள் கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் பிடித்ததாகக் கட்டுரைகள் உண்டு. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எண்ணைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். பிடிக்க வேண்டிய பொருளின் மின்னூட்டம் என்ன, கூடவே எவ்வளவு உப்பு இருக்கிறது, உறிஞ்சியைக் கழுவிய தண்ணீர் எங்கே போகப்போகிறது. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதிச் சரக்குகள் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

திருப்பூர் சாயப்பட்டறையையும் கோவைப் பக்கத்து பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறையையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் அவற்றின் கழிவுநீர் வேறு, அதனால் வாங்க வேண்டியதும் வேறு.

திருப்பூரில் ஒரு தனி நிலைமை இருக்கிறது. பாசனத்துக்கென்று நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறிப்போன கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத நிலை வந்த பிறகுதான் திறக்கலாம் என்றது. ஆகவே இங்கே நிறம் நீக்குவது ஆற்றில் விடுவதற்காக இல்லை. உயிரியல் சுத்திகரிப்பு முடிந்து வரும் தண்ணீரில் மிச்சமிருக்கும் சாயம், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வில் போய் ஒட்டக் கூடாது, கடைசியில் ஆவியாக்கி எடுக்கும் உப்பு நிறமேறி வரக் கூடாது. இந்த இரண்டுக்காகத்தான் உறிஞ்சி வேண்டியிருக்கிறது. உப்பை எடுப்பது அதன் வேலை இல்லை. "டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, குறையுமா?" என்று கேட்டால், குறையாது.

மின்னூட்டத்திலிருந்து தொடங்குவோம். உறிஞ்சி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ஏராளமானவை மெத்திலீன் நீலத்தை வைத்துச் செய்தவை. விலை மலிவு, அளப்பது சுலபம், அதுவும் நேர்மின் கொண்ட சாயம் என்பதால் எதிர்மின் தொகுதிகள் உள்ள எந்த ஜெல்லிலும் போய் உட்கார்ந்துவிடும். பனியன் துணிக்கு யாரும் மெத்திலீன் நீலம் ஏற்றுவதில்லை. பருத்திக்குப் போடுவது, இழையோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயம். அதன் மூலக்கூறில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் தண்ணீரில் அது எதிர்மின்னோடுதான் திரியும். மெத்திலீன் நீலத்துக்கு அற்புதமாக வேலை செய்த பாலிஅக்ரிலிக் அமில ஜெல், ரியாக்டிவ் சாயத்தைக் கண்டால் தள்ளிவிடும். ஆகவே கட்டுரையோ விளம்பரத் தாளோ கைக்கு வந்தால், எண்ணைப் பார்க்குமுன் எந்தச் சாயத்தில் சோதித்தார்கள் என்று பாருங்கள்.

இதற்குள் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அதிகம் புழங்கும் ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கறுப்பையே எடுத்துக்கொள்வோம். டப்பாவிலிருந்து எடுத்துக் கரைத்தால் ஒரு மூலக்கூறில் நான்கு எதிர்மின்கள். அவற்றில் இரண்டு, சாயம் துணியோடு பிணைவதற்கான முனைகளில் இருக்கும் சல்ஃபேட்டுகள். சாயத்தொட்டியின் சோடா ஆஷிலும் சூட்டிலும் அவை கழன்றுவிடும். துணியில் பிடிக்காமல் கழிவில் வருவது நீராற்பகுப்பு அடைந்த (தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையும் திறனை இழந்த) சாயம், அதில் இரண்டு எதிர்மின்தான் மிச்சம். புதுச்சாயத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் சோதித்தவருக்குக் கிடைத்த பிடிப்பு, உங்கள் தொட்டித் தண்ணீரில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை.

உப்புக் கணக்கு இன்னும் மோசம். உறிஞ்சிக்கு வரும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயம், 5 கிராம் சோடியம் சல்ஃபேட் (சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடும் உப்பு) என்று வைத்துக்கொள்வோம். மின்னூட்ட அளவில் கணக்கிட்டால், சாயத்தின் ஒவ்வொரு எதிர்மின்னுக்கும் ஐந்நூறுக்கு மேல் சல்ஃபேட்டின் எதிர்மின் நிற்கிறது. வெறும் மின் கவர்ச்சியை மட்டும் நம்பும் பாலிமர் இந்தக் கூட்டத்தில் சாயத்தைத் தேடிப் பிடிக்காது. சாயத்தின் அரோமாட்டிக் (பென்சீன் போன்ற) வளையங்களையும் இழுத்துப் பிடிக்கிற ஏதோ ஒன்று அந்தப் பாலிமரில் இருக்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கைட்டோசானுக்கு எழுதுகிறவர்களிடம் எப்போதும் தனிப் பாசம் உண்டு, எனக்கும் உண்டு. இறால் ஓடும் நண்டு ஓடும் கழிவாகப் போகாமல் கைட்டினாகி, காரத்தில் வேக வைத்தால் கைட்டோசானாகிறது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதில் வெகுகாலமாக வேலை செய்து வருகிறது. மூலக்கூறு முழுவதும் நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதிகள். பி.எச். 6.5-க்குக் கீழே இறங்கினால் அவை நேர்மின் ஏற்றுக்கொண்டு ரியாக்டிவ் சாயத்தை வாரி இழுக்கும். அந்த ஆயிரம் மில்லிகிராம் எண்கள் பெரும்பாலும் பி.எச். 3, 4 அளவில், செறிவான சாயக் கரைசலில் எடுத்தவை.

ஆனால் உயிரியல் தொட்டியிலிருந்து வரும் நீர் ஏறக்குறைய பி.எச். 8-ல் இருக்கும், சோடா ஆஷ் தந்த காரத்தன்மையும் சேர்ந்தே வரும். காரத்தன்மை லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்றால், அதைத் தீர்க்க ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கந்தக அமிலம் வேண்டும். நாளுக்கு 100 கனமீட்டர் ஓட்டும் பட்டறைக்கு நூறு கிலோ அமிலம், அதுவும் தினமும். உறிஞ்சி மலிவு என்று வாங்கிவிட்டு அமிலத்துக்குப் பணம் கட்டும் நிலை இது. அதோடு வெறும் கைட்டோசான் பல அமிலங்களில் கரைந்துவிடும். கரையாமல் இருக்க குளுட்டரால்டிஹைடு அல்லது எபிகுளோரோஹைட்ரின் போட்டு அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்குப் பிணைக்க வேண்டும். குளுட்டரால்டிஹைடோ சாயம் பிடிக்க வேண்டிய அதே அமீன்களைத் தின்றுவிடும். வலுவான மணி வேண்டுமென்றால் பிடிப்பு குறையும், பிடிப்பு வேண்டுமென்றால் மணி குழையும். குழைந்த மணியை ஆறடி உயரக் கலத்தில் நிரப்பித் தண்ணீர் விட்டால், அடியில் உள்ளவை நசுங்கி அழுத்தம் ஏறும். சில வாரங்களில் பாக்டீரியாவும் குடியேறும், ஏனென்றால் அதற்கு இது சாப்பாடு.

கணக்கையும் போட்டுவிடலாம். 100 கனமீட்டரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 5 கிலோ சாயம். விளம்பர எண்ணின்படி 5 கிலோ கைட்டோசான் போதும். உப்பும் குறைந்த செறிவும் சேர்ந்து நடைமுறைப் பிடிப்பை கிராமுக்கு 100 மில்லிகிராமாக இறக்கினால் 50 கிலோ வேண்டும். ஒருமுறை போட்டு வீசுவதாக இருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் பெரிய பட்டறைக்குக் கலத்தில் நிரப்பும் உறிஞ்சியாக நான் கைட்டோசானைச் சொல்ல மாட்டேன். திரட்டும் பொருளாக, மிகக் குறைந்த அளவில், படிகாரத்தோடு சேர்த்துப் போட்டுக் கசடைக் கட்டியாக்க அது நல்லது. இயற்கைச் சாயம், சில்க் ஸ்கிரீன் என்று சின்ன அளவில் செய்கிறவர்கள் தொட்டியில் கலக்கி வடிகட்டவும் பயன்படுத்தலாம்.

அடுத்தது அயனி பரிமாற்ற ரெசின், அதாவது தன்னிடமுள்ள அயனியைக் கொடுத்துவிட்டு நீரிலுள்ள அயனியைப் பிடிக்கும் பாலிமர் மணிகள். 1935-ல் இங்கிலாந்தில் ஆடம்ஸும் ஹோம்ஸும் ஃபீனால்-ஃபார்மால்டிஹைடில் தொடங்கி வைத்தது, பிறகு பாலிஸ்டைரீனுக்கு வந்து நிலைபெற்றது. எதிர்மின் அயனிகளைப் பிடிக்கும் வலுகார எதிரயனி ரெசினில் இருக்கும் குவாட்டர்னரி அமோனியம் தொகுதி எந்த பி.எச்.-லும் நேர்மின்னோடுதான் இருக்கும். ஆக, அமிலச் செலவே இல்லை. மணிகள் கடினமானவை, கலத்தில் வருடக்கணக்கில் நிற்கும். உப்புக் கூட்டத்திலும் சாயத்தைப் பிடித்து வைக்கக் காரணம், ரெசினின் எலும்புக்கூட்டிலேயே இருக்கும் பென்சீன் வளையங்கள் சாயத்தின் வளையங்களோடு ஒட்டிக்கொள்வது. நிறநீக்கி ரெசினை ஆர்.ஓ.-வுக்கு முன்னால் வைக்கும் வழக்கம் திருப்பூருக்குப் புதிதல்ல.

வில்லங்கமும் அதே ஒட்டுதலில்தான் இருக்கிறது. ஸ்டைரீன் ரெசினில் ஏறிய பெரிய சாயம் இறங்க மறுக்கும். 10 சதவீத உப்பும் 2 சதவீத காஸ்டிக் சோடாவும் கலந்து கழுவுவது வழக்கம். முதல் தடவை நன்றாக இறங்கும், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தங்கும். சில மாதங்களில் மணிகள் கறுத்து, பாதி வேலைக்கு வந்துவிடும். ஆய்வகத்தில் மெத்தனால் ஊற்றிக் கழுவி 95 சதவீதம் மீட்டதாகச் சொல்வார்கள். பட்டறையில் மெத்தனால் தொட்டி வைப்பதை நினைத்தாலே எனக்குத் தீயணைப்பு வண்டிதான் கண்ணில் தெரிகிறது.

இதற்குச் சர்க்கரை ஆலைக்காரர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். சர்க்கரைப் பாகின் நிறத்தை நீக்கும்போது முதலில் அக்ரிலிக் எலும்புக்கூடு கொண்ட ரெசினும், அதற்குப் பின் ஸ்டைரீன் ரெசினும் வைப்பார்கள். அக்ரிலிக்கில் பென்சீன் வளையம் குறைவு. அதனால் பிடிப்பு சற்று இளக்கம், விடுவது சுலபம். சுமையின் பெரும்பகுதியை அக்ரிலிக் தாங்கிக்கொள்ளும், ஸ்டைரீனுக்கு மெருகேற்றும் வேலை மட்டும். சாயப்பட்டறைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். துளை பெரிதான மேக்ரோபோரஸ் வகையாகக் கேளுங்கள். ஜெல் வகையின் நுண்துளைக்குள் கறுப்புச் சாயத்தின் பெரிய மூலக்கூறு நுழைய நேரமாகும், நுழைந்தால் வெளியே வர அதைவிட நேரமாகும்.

ரெசினைக் கொல்லும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நிறம் வெளுக்க ஹைப்போகுளோரைட் போடும் பழக்கம் இருந்தால், மிச்ச குளோரின் ரெசினுக்குள் போகவே கூடாது. அது மணியை உள்ளிருந்தே அரித்துவிடும். இன்னொன்று பஞ்சுத் தூசி. மணல் வடிகட்டியும் அதற்குப் பின் நுண்வடிகட்டியும் இல்லாமல் ரெசின் கலம் வைத்தால், நீங்கள் வாங்கியது மிக விலையுயர்ந்த மணல் வடிகட்டி என்றுதான் அர்த்தம்.

தண்ணீரை உறிஞ்சி ஊதும் ஹைட்ரோஜெல்லைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. காய்ச்சி வடித்த நீரில் தன் எடையைப் போல் நூறு மடங்கு ஊதும் அக்ரிலமைடு, அக்ரிலிக் அமில ஜெல்கள் உப்புத் தண்ணீரில் சுருங்கிப்போகும். போர்வெல் நீரின் கால்சியம் அவற்றை இறுக்கிப் பூட்டிவிடும். கலத்தில் நிற்காது. தரம் குறைந்த சரக்கில் எதிர்வினையாகாத அக்ரிலமைடு மிஞ்சியிருந்தால், அது நரம்பைத் தாக்கும் நஞ்சு. சர்க்கரை மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்த சைக்ளோடெக்ஸ்ட்ரினால் ஆன பாலிமர் வேறு சாதி. 2016-ல் அமெரிக்காவில் வேதியியலாளர் வில்லியம் டிக்டெலின் குழு உருவாக்கியது, நுண்மாசுகளை நொடிகளில் பிடிக்கிறது. ஆனால் அதன் இடம் குடிநீரில் இருக்கும் பூச்சிமருந்து, பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்ஃபீனால் போன்றவற்றில். சாயத்தொட்டிக்கு அதைக் கொண்டுவருவது வீண்செலவு.

ஒப்பிட ஒரு பழைய ஆள் வேண்டுமென்றால் தேங்காய்ச்சிரட்டைக் கரி இருக்கிறது. நம்மூரிலேயே கிடைக்கும், வாங்குவது சுலபம். அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவு. சின்ன மூலக்கூறுகளுக்கு அருமை, ரியாக்டிவ் சாயத்தின் பெரிய மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் பாதிக்குக்கூடப் போய்ச் சேராது. புதுப்பிக்க 800 டிகிரிக்கு மேல் சூடாக்கும் உலை வேண்டும். ஆகவே நடைமுறையில் போட்டு எடுத்து வீசுவதுதான். இந்த ஒரு காரணத்தாலேயே, உப்பும் காரமும் போதும் என்கிற ரெசின் முந்துகிறது.

சரி, உலோகம்.

சாயப்பட்டறையிலும் உலோகம் உண்டு, டர்க்காய்ஸ் நீலத்தின் நடுவே செம்பு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடிக்க உலோக ரெசின் வாங்குகிறவர் ஏமாறுவார். அந்தச் செம்பு தாலோசயனின் வளையத்துக்குள் பூட்டப்பட்டது, சாயத்தைவிட்டு வெளியே வராது. சாயத்தைப் பிடித்தால் செம்பும் பிடிபடும், அவ்வளவுதான்.

உலோகத்தின் உண்மையான இடம் பிளேட்டிங் பட்டறை. அங்கே செம்பு, நிக்கல், துத்தநாகம் நேரயனிகளாகக் கரைந்து வருகின்றன. இதற்கென்றே உள்ளது இமினோடைஅசிட்டிக் அமிலத் தொகுதி ஏற்றிய கீலேட் ரெசின். நண்டு இடுக்கி மாதிரி ஒரு நைட்ரஜனும் இரண்டு கார்பாக்சிலும் சேர்ந்து உலோக அயனியைக் கவ்வும். செம்புக்கு அது கால்சியத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் முன்னுரிமை தரும். நிக்கலுக்கும் துத்தநாகத்துக்கும் அந்த முன்னுரிமை எவ்வளவோ குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்வெல் நீரில் அலசும் பட்டறையில் கடினத்தன்மை அதிகமென்றால், துத்தநாகம் எதிர்பார்த்ததற்கு முன்பே கசிந்துவிடும்.

எவ்வளவு ரெசின் வேண்டும்? நாளுக்கு 50 கனமீட்டர் அலசு நீர், லிட்டருக்கு 20 மில்லிகிராம் செம்பு என்றால் நாளுக்கு ஒரு கிலோ. இந்த வகை ரெசின்கள் தாளில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை செம்பு ஏற்கும். கலத்தில் ஓடும்போது அதில் பாதியை நம்பினால் போதும். 100 லிட்டர் ரெசின் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு வரும். இரட்டைக் கலம் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதை 5 முதல் 10 சதவீத கந்தக அமிலத்தில் கழுவலாம். கழுவிய நீரில் செம்பு செறிவாக இருக்கும். மின்பகுத்து உலோகமாக எடுக்கலாம், சில இடங்களில் முலாம் பூசும் குளியல் தொட்டிக்கே திருப்பலாம். சாய ரெசினுக்கு இந்த வசதி இல்லை. கழுவி எடுத்த பழுப்பு நீரை யாரும் சாயமாகத் திருப்பி வாங்க மாட்டார்கள்.

எல்லாரும் சறுக்கும் இடம் குரோமியம். குரோம் பிளேட்டிங்கில் வருவது ஹெக்ஸாவேலன்ட் (ஆறிணை) குரோமியம். அது தண்ணீரில் குரோமேட்டாக, எதிரயனியாக இருக்கும். கீலேட் ரெசின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உள்நாட்டு நீர்நிலையில் விட அனுமதிக்கும் அளவோ லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான், செம்புக்கும் நிக்கலுக்கும் 3 மில்லிகிராம் வரை இடம் உண்டு. குரோம் அலசு நீரைத் தனிக் குழாயில் பிரித்து, பி.எச். 2, 3-ல் பைசல்ஃபைட் போட்டு மூவிணை குரோமியமாக்கி, சுண்ணாம்பில் வீழ்படிவாக்குவதுதான் முதல் வழி. அதற்குப் பாலிமரே வேண்டாம். செறிவு குறைந்த, அளவு அதிகமான நீருக்கு மட்டும் வலுகார எதிரயனி ரெசின். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக்குவியலைச் சுற்றி மஞ்சளாகிப்போன நிலத்தடி நீர் போன்ற இடங்களுக்கு அது பொருந்தும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் வருவது மூவிணை குரோமியம். அதை மக்னீசியம் ஆக்சைடால் வீழ்த்தி மறுபடி பதனிடவே பயன்படுத்தலாம் என்பது பழைய செய்தி. அங்கே போய் உறிஞ்சி விற்பது தேவையில்லாத வேலை.

சயனைடு துத்தநாகக் குளியலும் அப்படித்தான். சயனைடோடு கட்டுண்ட உலோகம் எதிர்மின்னோடு வரும். முதலில் காரநிலையில் ஹைப்போகுளோரைட்டால் சயனைடை உடைக்க வேண்டும், அதன் மிச்சத்தை நீக்க வேண்டும், பிறகுதான் ரெசின்.

"சாயம், உலோகம் இரண்டையும் ஒரே சரக்கில் எடுக்கலாம்" என்று சொல்வார்கள். கைட்டோசானைத்தான் அதிகம் அப்படி விற்பார்கள். சாயத்துக்கு அதன் அமீன்கள் நேர்மின் ஏற்றிருக்க வேண்டும், அதற்கு பி.எச். 3, 4. செம்புக்கு அதே அமீன்கள் மின்னேற்றம் இல்லாமல், தங்கள் எலக்ட்ரான் இணையைக் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், அதற்கு பி.எச். 5, 6. ஒரே தொட்டியில் இரண்டும் நடக்கும், இரண்டும் அரைகுறையாக.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால்: ரியாக்டிவ் சாயம் ஓட்டும், ஆர்.ஓ. வைத்திருக்கும் பட்டறைக்கு உயிரியல் சுத்திகரிப்புக்குப் பின் மேக்ரோபோரஸ் அக்ரிலிக் எதிரயனி ரெசின். கறுப்பும் டர்க்காய்ஸும் அதிகம் ஓட்டினால் அதன் பின்னால் சின்ன ஸ்டைரீன் கலம். பிளேட்டிங் பட்டறைக்கு முதலில் குழாய்களைப் பிரிப்பது, அடுத்து வீழ்படிவு, கடைசி மெருகுக்குக் கீலேட் ரெசின். பணம் குறைவாக இருந்தால் ரெசினைத் தள்ளிப் போடலாம், குழாய் பிரிப்பதைத் தள்ளிப் போடக் கூடாது. எல்லா அலசு நீரையும் ஒரே குழியில் விட்டபிறகு எந்தப் பாலிமராலும் காப்பாற்ற முடியாது.

கழுவு நீருக்கு இடம் முடிவாகாமல் ரெசினுக்கு ஆர்டர் போடாதீர்கள். ஒரு சுற்றுக் கழுவலுக்கு, அலசலும் சேர்த்து, ரெசின் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு நீர் வரும். சாயப்பட்டறையில் அது ஆவியாக்கிக்குத்தான் போகும், அங்கிருந்து நிறமேறிய கலப்பு உப்பாக மூட்டையில் ஏறும். திருப்பூரில் கலப்பு உப்பு மூட்டைகள் ஏற்கெனவே மலையாகக் கிடப்பது தெரிந்ததே. கழுவும் உப்பை நானோ வடிகட்டியில் விட்டுச் சாயத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்த முடியுமா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஆயுள் முடிந்த உலோக ரெசின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களுக்கு அனுப்பும் செலவையும் முதல் நாளே கணக்கில் வையுங்கள்.

சோதனையும் எளிதுதான். ஒரு லிட்டர் ரெசினை ஒல்லியான குழாயில் நிரப்பி, உங்கள் தொட்டியின் தண்ணீரையே மணிக்கு 10 லிட்டர் வேகத்தில் விடுங்கள். கறுப்பு ஓட்டும் நாளின் நீரும் வெளிர்நிறம் ஓட்டும் நாளின் நீரும் இரண்டுமே வேண்டும். நிறத்தைக் கண்ணால் பார்க்காமல் 436, 525, 620 நானோமீட்டர் என்ற மூன்று அலைநீளங்களில் அளந்து எழுதுங்கள். நிரம்பியதும் கழுவி, மறுபடி ஓட்டி, பத்துச் சுற்று முடியுங்கள். பத்தாவது சுற்றில் எத்தனை லிட்டர் தெளிந்து வந்ததோ, அந்த எண்ணை வைத்து விலை பேசுங்கள். பத்துச் சுற்றுக்குச் சரக்கு தர மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.